முப்பத்திரண்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

பத்தரைக்கு வரச் சொன்னார்கள், பத்து இருபதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன், இப்போது பத்து ஐம்பது, இன்னும் கூப்பிடவில்லை. காக்க வைப்பதும் ஒரு தண்டனைதான், அதற்கு யாரும் தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை. பதினேழு வருஷமாக இந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், இந்த முன்பக்க ஹாலில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்காருகிறேன். எங்களுக்கெல்லாம் பின்பக்க கேட். கம்பெனி பஸ் அங்கேதான் இறக்கிவிடும், அங்கேதான் செல்போன் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அங்கேதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். இங்கே தரையில் முகம் தெரிகிறது. என் இரும்பு மூக்கு ஷூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னமோ இதை அழுக்காக்கத்தான் வந்தவன் மாதிரி. சோபா வேறு ஆளை உள்ளே இழுக்கிறது. நிமிர்ந்து நாலு வார்த்தை கேட்க வந்தவனை இப்படிப் புதைத்து வைத்தால் அவன் என்னத்தைக் கேட்பான்? எதிரே சுவர். சுவர் முழுக்கக் கம்பெனி சரித்திரம். ஹால்டென்பெர்க், நூற்றிருபது ஆண்டுகள் என்று மேலே எஃகு எழுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில் மீசைக்கார எமில் ஹால்டென்பெர்க் தன் சைக்கிள் கடை வாசலில் கைகட்டி நிற்கிறார். பதினொன்றில் முதல் கார். இருபத்தேழில் மலைப்பாதைப் பந்தயத்தில் ஜெயித்த கார், ஓட்டினவன் முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. முப்பத்திரண்டில் ஆறு சிலிண்டர் கார், பக்கத்தில் தொப்பி வைத்த பெண்மணி. அடுத்த படம் ஐம்பது. குட்டிக் கார், பின்னால் ஏரி, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், எல்லாரும் சிரிக்கிறார்கள். கீழே தமிழிலும் எழுதியிருக்கிறது, ‘கடினமான ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சாலையில்’. முப்பத்திரண்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நாலு விரற்கடை வெள்ளைச் சுவர். இருபத்தேழுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவிலும் அதே நாலு விரற்கடை. இடைவெளி பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கண் அங்கேயே போய் நிற்கிறது. ஐந்து வருஷத்துக்கும் பதினெட்டு வருஷத்துக்கும் ஒரே இடைவெளி. ஒரு கார் இந்த லட்சணத்தில் என் முன்னால் வந்திருந்தால் சிவப்பு மார்க் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

காகிதம் தயாராக இருக்கிறதாம். நேற்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து காதோரமாகச் சொன்னான், “தணிகாசலம், ஹெச்.ஆர்ல ஒரு லெட்டர் அடிச்சு வச்சிருக்காங்க. போய் படிச்சிட்டு ஒரு கையெழுத்து போட்டுடு. போட்டுட்டா தப்பிச்ச. போடலன்னா என்னால ஒண்ணும் ஆவாது.” என்ன லெட்டர் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை, தொழிற்சாலை முழுக்க அதே பேச்சு. ஆயுத பூஜை அன்றைக்கு அளவெடுக்கும் கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், அதனால் கேமரா கண் கெட்டு தப்புத் தப்பாக அளந்தது, அதனால்தான் கதவு சரியாகச் சேராத கார்கள் வெளியே போயின, அதனால்தான் மழையில் காருக்குள் தண்ணீர் நின்றது. ஜெர்மனியிலிருந்து கேட்ட கேள்விக்கு இங்கிருந்து போகப்போகிற பதில் இதுதான். உள்ளூர் வழிபாட்டுப் பழக்கம். அவ்வளவுதான், முடிந்தது கதை. இதற்கு ஒரு ஆள் வேண்டும், ஆள் நான். பொட்டு வைத்தவன் நான்தானே? அதில் ஒன்றும் பொய்யில்லை. பொட்டு வைத்தேன். ரோபோ கைக்கு வைத்தேன், ஸ்பானருக்கு வைத்தேன், தீயணைக்கிற சிலிண்டருக்கு வைத்தேன், கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு வைத்தேன், டீ மிஷினுக்குக் கூட வைத்தேன், அது மட்டும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. பதினேழு வருஷமாக எங்கள் லைனில் பொட்டு வைக்கிறவன் நான். வருஷா வருஷம் வைத்த பொட்டு எந்த வருஷமும் கண்ணைக் கெடுக்கவில்லையே, இந்த வருஷம் மட்டும் அதற்கு என்ன கோபம்? நான் உள்ளே போனதும் இதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். இல்லை, இதை முதலில் கேட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். முதலில் அக்டோபர் மூன்றாம் தேதியைச் சொல்ல வேண்டும். சார், ஒரு நிமிஷம், அக்டோபர் மூணாம் தேதி. அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாம் தேதி, பூஜைக்கு எட்டு நாள் முன்னால், காலை ஷிப்ட். இடது பின்கதவு. நான் கையுறை போட்ட விரலைக் கதவுக்கும் கார் உடம்புக்கும் நடுவில் மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே போவேன், மூன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும், விரல் ஒரே சீராக இறங்க வேண்டும். அன்றைக்குக் கீழ் மூலையில் விரல் உள்ளே இறங்கியது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஐந்து. அடுத்த காரில் ஐந்து. அதற்கடுத்ததில் நாலே முக்கால். கேமராவைப் பார்த்தால் பச்சை விளக்கு. கார் நாலு தூணுக்கு நடுவில் வந்து நிற்கும், கேமரா நாலு பக்கமும் அளக்கும், சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை எரிகிறது. என்னடா இது என்று போய்க் கேட்டேன். தர இன்ஜினியர், முந்தாநாள் காலேஜ் முடித்து வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். “கேமராவுக்குத் தெரியாதது உங்க விரலுக்குத் தெரியுதா?” தெரிகிறதே! அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறீர்கள்? பிறகுதான் விஷயம் தெரிந்தது, மாசக் கடைசியில் வண்டிக் கணக்கு சேரவில்லை என்று கேமராவின் அளவையே தளர்த்திவிட்டார்கள், அரை மில்லிமீட்டர் தப்பை விட்டுக்கொடுத்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். கேமராவுக்கு என்ன தெரியும், சொன்னதைச் செய்யும். நான் ரெஜிஸ்டரில் எழுதினேன். இடது பின்கதவு, கீழ் மூலை, ஐந்து, ஐந்து, நாலே முக்கால், தணிகாசலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ரெஜிஸ்டர் எங்கே என்று போன வாரம் கேட்டதற்கு ஆடிட்டுக்குப் போயிருக்கிறது என்றான் சூப்பர்வைசர். எந்த ஆடிட்டுக்கு? எப்போது திரும்பும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் பூசணிக்காயை உடைத்ததே தங்கள் கையால்தான். ஆமாம், அன்றைக்குப் பூசணிக்காயை உடைத்தவர் ப்ரூக்னர், இந்தத் தொழிற்சாலையின் தலைவர், ஆறரை அடி ஜெர்மன்காரர். பட்டு வேட்டி கட்டி, அதன் மேல் பெல்ட் போட்டு, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு கேமரா தூண் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளூர்ப் பண்பாட்டைப் போற்றுகிறோம் என்று எழுதிக் கம்பெனியே அந்தப் படத்தைப் போட்டது, நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். அதே படம்தான் இப்போது அத்தாட்சி. சூப்பர்வைசர் அவன் போனில் காட்டினான். தூண் இருக்கிறது, தூணில் பொட்டு இருக்கிறது, ப்ரூக்னரை வெட்டிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் பிடித்த விரல் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம்.

பொட்டு எங்கே வைத்தேன்? கேமராவின் கண்ணாடியில் வைக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே இரும்புப் பெட்டியில், கட்டை விரல் அகலம் தள்ளி, மூன்று விரலால் ஒரு இழுப்பு, நடுவில் குங்குமம். கண்ணாடியில் வைக்க நான் என்ன கூறுகெட்டவனா? ஆனால் சந்தனம் தண்ணியாக இருந்தது. அன்றைக்குச் சந்தனம் ரொம்பத் தண்ணியாக இருந்தது, பெட்டியில் வைத்ததும் ஒரு சொட்டு கீழே இறங்கியது. கீழேதானே இறங்கும்? மேலே எப்படி ஏறும்? ஏறாது. பின்னே ஏன் ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் அந்த ஒரு சொட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்? யாராவது துடைக்கும்போது மேலே இழுத்திருந்தால்? கை பட்டிருந்தால்? இல்லை, பட்டிருந்தாலும்தான் என்ன, எட்டு நாள் முன்னாலேயே ஐந்து மில்லிமீட்டர் இருந்ததே! அது எனக்குத் தெரியும், என் விரலுக்குத் தெரியும், அப்புறமும் இந்தச் சொட்டு என்னை விடமாட்டேன் என்கிறது. நூறு பேர் சேர்ந்து நீ திருடன் என்றால் நாமே நம் பையைத் தொட்டுப் பார்ப்போம் போலிருக்கிறது. இதுதான் எனக்கு ஆத்திரம். இவர்கள் பொய் சொல்வது கூடப் பெரிதில்லை, அந்தப் பொய்யை நானே நம்புகிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்களே, அதுதான்.

அந்தச் சந்தனத்தைக் கரைத்தவள் அதோ நிற்கிறாள். பூங்காவனம். தொட்டிச்செடிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு படாமல், நீலச் சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு நிற்கிறாள். காண்ட்ராக்டில் வருகிறவள், எங்கள் லைனைப் பெருக்கித் துடைக்கிறவள், ஆறு வருஷமாக. உட்காரச் சொல்லவும் ஆளில்லை, அவளாக உட்காரவும் மாட்டாள். நான் வந்தபோதே நின்றுகொண்டிருந்தாள். “இன்னா பூங்காவனம்மா, உங்களையுமா வரச் சொன்னாங்க?” என்றேன். “ஆமா சார்.” “எதுக்காம்?” “தெரில சார். சூப்பரைசர் போவச் சொன்னாரு, வந்துகினேன்.” அதோடு வாயை மூடிக்கொண்டாள். வழக்கமாக அப்படி மூடுகிறவள் இல்லை, மருமகள் வைத்த குழம்பிலிருந்து ஏரிக்கரை தண்ணி லாரி வரைக்கும் பேசுவாள். இன்றைக்கு என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? அன்றைக்குத் தட்டை ஏந்திக்கொண்டு என் கூடவே வந்தவள் இவள் ஒருத்திதான். நான் வைத்ததைக் கிட்ட நின்று பார்த்தவள். மற்றவர்களெல்லாம் சுண்டல் வரிசையில் நின்றார்கள். அப்படியானால் பொட்டு வைத்தது தணிகாசலம் என்று சொல்லக்கூடியவள் யார்? இவள். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், சாட்சி சொல்ல. ஏற்கெனவே சொல்லிவிட்டாளோ என்னவோ. சொல்லட்டும். கூட இருந்தே குழி பறிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. போன தீபாவளிக்கு என் வீட்டுக்காரி ரேணுகா இவளுக்கென்று ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினாளே, அதைத் தின்ற வாயா?

சுவரில் டிவி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. காடு, பனி, கார் வந்து நிற்கிறது, ஒருவர் இறங்கிக் கதவைச் சாத்துகிறார், தொப். திரும்ப முதலிலிருந்து காடு, பனி, தொப். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து நாற்பது தடவையாவது சாத்தியிருப்பார். அந்தத் தொப்புக்குத்தான் உலகமே விழுந்தது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் வேலை என்ன என்று கேட்டார், ஹால்டென்பெர்க் என்று என் சித்தப்பா சொன்னார், மாமனார் வேறு எதையுமே கேட்கவில்லை, நிலம் எவ்வளவு, வீடு சொந்தமா, ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணப் பந்தலில் என்னைக் காட்டி ஒவ்வொருவரிடமும் சொன்னார், “ஜெர்மன் கம்பெனிங்க. அவன் காரு கதவ சாத்தனா ஒரு சத்தம் வரும் பாருங்க, தொப்புனு, வேற எவனாலயும் வராது.” அவர் வாழ்க்கையில் அந்தக் காரில் ஏறியதில்லை. நானும்தான் ஏறியதில்லை, கதவை மட்டும் லட்சம் தடவை சாத்தியிருக்கிறேன். அந்தச் சத்தத்தை வரவழைப்பது யார்? கீலை வைக்கிறவன் வாலாஜாபாத்துக்காரன், ரப்பர் ஒட்டுகிறவள் உத்திரமேரூர், இடைவெளி பார்க்கிறவன் நான். ஆனால் சத்தம் ஜெர்மன் சத்தம். சரியாக இருந்தால் ஜெர்மன் தரம், தண்ணீர் ஒழுகினால் உள்ளூர் வழிபாட்டுப் பழக்கம். இது எந்த ஊர் நியாயம்? புகழுக்கு எங்கள் கை தெரியவில்லை, பழிக்கு மட்டும் கைவிரல், விரலில் இருந்த சந்தனம், எல்லாம் தெரிகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே பழி, பாவம், ஷிப்ட், மூன்றும் எங்களுக்கு. வேலை போய்விட்டால் ரேணுகாவிடம் என்ன சொல்வது? அவள் திட்டமாட்டாள். அப்பாவுக்கு நான் போன் பண்ணிக்கிறேன் என்பாள். அதை நினைத்தால்தான் இன்னும் மோசமாக இருக்கிறது. நாற்பத்துநாலு வயசில், மதச் சடங்கால் இயந்திரத்தைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கிக்கொண்டு போகிறவனை எந்தத் தொழிற்சாலை எடுக்கும்?

அந்த வெள்ளை இடத்தை விட்டுக் கண் நகர மறுக்கிறது. எனக்கு அங்கே என்ன இருந்ததென்று தெரியும், அதுதான் வினை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் மூன்று வாரப் பயிற்சிக்கு அவர்கள் ஊருக்கே அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன, பொழுது போகாமல் தொழிற்சாலையைச் சுற்றி நடந்தேன். கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, ஒரு மரத்தடியில் இடுப்புயரக் கல். எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது. கீழே நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து. போனில் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் ரயிலடியில் கறிவேப்பிலை விற்கிற கடை வைத்திருந்த சிவநேசனிடம் காட்டினேன், யாழ்ப்பாணத்துக்காரர், என் வயசுதான் இருக்கும். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். “அண்ணை, இது உலக யுத்தத்தில வேலைக்கெண்டு பிடிச்சுக்கொண்டு வந்த சனத்தின்ர கல்லு. போலந்து, உக்ரைன் ஆக்கள். இந்தக் கொம்பனிக்குத்தான் பிடிச்சவை. ஆயிரத்து நூற்றி நாப்பது பேர். திரும்பிப் போகேல்ல.” கம்பெனியே வைத்த கல்லா என்று கேட்டேன். “இல்லை. இந்த ஊர் பள்ளிக்கூடப் பிள்ளையள் வச்சதாம், அடியில எழுதியிருக்கு.” அடுத்த நாள் வகுப்பில் பயிற்சி கொடுத்தவரிடம், அரைகுறை இங்கிலீஷில், அந்தக் கல் என்ன என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வருத்தமான காலம், பலரும் அதில் பங்கு, எங்கள் பதிவேடுகள் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன, யாரார் என்னென்ன என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அன்று மத்தியானம் அவர்கள் மியூசியத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலாம் வருஷத்து சைக்கிள் ரசீது இருந்தது, மை கூட அழியவில்லை. நாலாம் வருஷத்து ரசீது தப்பித்துவிட்டது, நாற்பத்துமூன்றாம் வருஷத்து ஆள் பதிவேடு மட்டும் எரிந்துவிட்டது. அந்த நெருப்புக்குத்தான் எவ்வளவு விவரம்! அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எவனோ எங்கேயோ எப்போதோ என்று ஊருக்கு ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் ரெஜிஸ்டர் காணாமல் போனபின் கோபம் வருகிறது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலி. ஆனால் நடந்தது ஒன்றுதானே, இவர்களுடைய பதினெட்டு வருஷத்தை யாரும் கேட்கக்கூடாது, என்னுடைய ஒரு நிமிஷத்துக்கு, ஒரு விரல் சந்தனத்துக்கு, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உள்ளே போனதும் இதைக் கேட்டுவிட வேண்டும். அந்தச் சுவரில் விட்ட இடத்தை முதலில் எழுதுங்கள், அப்புறம் நான் எழுதுகிறேன். கேட்பேனா? சுதர்சன் சாருக்கு முன்னால் என் நாக்கு அவ்வளவு தூரம் போகுமா? ஹெச்.ஆர் மேனேஜர், சிரித்துச் சிரித்தே ஆளை அனுப்புகிறவர். போன வருஷம் அவர் அறைக்குள் போன இரண்டு பேர் கை குலுக்கிவிட்டு வெளியே வந்தார்கள், வந்தபிறகுதான் வேலை போனதே அவர்களுக்குத் தெரிந்தது.

கதவு திறந்தது, என்னை என்று எழுந்துவிட்டேன், எட்டிப் பார்த்த ஹெச்.ஆர் பெண் “பூங்காவனம்” என்றாள். மறுபடி உட்கார்ந்தேன், சோபா இன்னும் ஆழமாக இழுத்தது. பூங்காவனம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், யாரும் கழற்றச் சொல்லவில்லை. முதலில் சாட்சி, அப்புறம் குற்றவாளி, ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். பதினோரு நிமிஷம். பதினோரு நிமிஷத்தில் எவ்வளவு சொல்லலாம்! எந்த விரல், எத்தனை விரல், எத்தனை சொட்டு, எல்லாம் சொல்லலாம். அவளுக்கும் பயம்தான் இருக்கும், காண்ட்ராக்ட்காரி, நாளைக்கு வராதே என்றால் அவ்வளவுதான், அதற்காக என்னைக் கொடுப்பதா? நான் அவளை ஒருநாள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதுண்டா? உண்டு, இரண்டு தடவை, ஈரத் துணியைத் தூண் பக்கம் கொண்டுவராதீங்க என்று கத்தினேன். அதை மனசில் வைத்திருப்பாளோ? தொப் என்று டிவியில் கதவு சாத்துகிறது. இந்தக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள், இடது கட்டை விரலைச் சேலை ஓரத்தில் துடைத்துக்கொண்டே. மை. கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள், சொன்னது சொன்னபடி. செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டும்போது ஒரு விநாடி நின்றாள். “நா ஒண்ணும் சொல்லல சார்,” என்றாள். யாராவது கேட்டார்களா? கேட்காதபோதே சொல்லல என்கிறவள் சொல்லிவிட்டாள் என்றுதானே அர்த்தம். “போம்மா, போய் வேலையப் பாரு,” என்றேன். இத்தனை வருஷத்தில் அவளை ‘போ’ என்றது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியாமல் இழுத்து, அப்புறம் தள்ளி, வெயிலுக்குள் போனாள்.

“தணிகாசலம், வாங்க வாங்க, உக்காருங்க. டீ சொல்லட்டா?” சுதர்சன் சார் எழுந்தே நின்றார். நான் டீ வேண்டாமென்றேன். சார், ஒரு நிமிஷம், அக்டோபர் மூணாம் தேதி. அதுதான் முதல் வரி, நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். அவர் அதற்குள் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார், மேலே ஒரு பேனாவும் வைத்தார். “நிதானமா படிங்க. சின்ன விஷயம்தான்.” படித்தேன். என் பேரைத் தேடிப் படித்தேன். முதல் வரியில் இல்லை. முதல் வரியில் பூங்காவனம், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், என்று இருந்தது. பூஜை அன்று யாருடைய அனுமதியும் இல்லாமல் அளவுக் கேமராவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் ஈரத்துணியால் துடைத்து அதைக் கண்ணாடியில் இழுத்தவர். இரண்டாம் பத்தியிலும் பூங்காவனம்தான். கீழே அவள் கைநாட்டு, மை இன்னும் பளபளவென்று. அதற்குக் கீழே, சாட்சி, தணிகாசலம், தரப் பரிசோதகர், எதிரே கையெழுத்துக்குப் புள்ளி புள்ளியாக இடம். அப்பாடா. எனக்குள் முதலில் வந்தது அதுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது, உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, ரேணுகா முகம் வந்து போனது, டீ வேண்டும் என்று கூடத் தோன்றியது. என்னை இல்லை. என்னை இல்லையாம். ஒரு மாசமாக நான் கட்டிவைத்த கேள்விகளெல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தன. “நீங்க எங்க பெர்மனென்ட் ஆளு,” என்றார் சுதர்சன் சார். “பதினேழு வருஷ சர்வீஸ். உங்க மேல போடுவமா? அந்தம்மா காண்ட்ராக்ட், நாளைக்கே வேற எடத்துல சேத்துக்குவாங்க. ஒண்ணும் பெரிய பாதிப்பில்ல.”

“அவங்க ஒத்துக்கிட்டாங்களா சார்?” என்று கேட்டது என் குரல்தான், ஆனால் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “யாரு வச்சதுன்னு நாலு தடவ கேட்டேன். தெரியாதுங்கறாங்க. பக்கத்துல நின்னீங்களே, பாக்கலியான்னு கேட்டேன். தல குனிஞ்சுக்கிட்டு நின்னாங்களே ஒழிய வாய தொறக்கல. வேற பேரும் சொல்லல, அப்ப அவங்கதான? விசாரணைக்கு வந்துட்டுப் போனதுக்குன்னு சொல்லி ஒரு ரேகை வாங்கிக்கிட்டோம்.” என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் வைத்திருக்கிறாள். ஒரு பேர் சொல்லியிருந்தால் போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம், ஒரே ஒரு பேர், அதுவும் பொய் கூட இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை சார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள், நான் போம்மா என்றேன். காது கொதித்தது. இவர்கள் மேல் வந்த கோபம் எல்லாம் வழி தெரியாமல் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் ஒருவனே வந்து பிடித்துக்கொண்டு போகவில்லையே, எங்கேயோ ஒரு மேசை, ஒரு காகிதம், நல்ல சம்பளக்காரன் ஒருவன், சின்ன விஷயம்தான் என்று ஒரு கையெழுத்து. அவனும் அப்பாடா என்றுதான் இருந்திருப்பான். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டிருப்பான்.

பேனாவை எடுத்தேன். சுதர்சன் சார் முகம் மலர்ந்தது. “பொட்டு வச்சது நான் சார்,” என்றேன். மலர்ச்சி அப்படியே நின்றது. “நான் அத கேக்கலயே தணிகாசலம்.” “நான் சொல்றேன் சார். நான்தான் வச்சேன். அந்தப் பொட்டு பக்கத்துல நின்னு ப்ரூக்னர் சார் போட்டோ எடுத்துக்கிட்டாரு. ஆனா கதவு அதுக்கு எட்டு நாள் முன்னாடியே அஞ்சு மில்லிமீட்டர் நின்னுச்சு. கேமரா அளவ தளத்தனது நீங்க. நான் எழுதிக் குடுத்தேன், அந்த ரெஜிஸ்டர் இப்ப இல்ல. அதனால இதுலயே எழுதறேன்.” அவள் பேர் இருந்த இரண்டு இடத்திலும் கோடு போட்டேன், காகிதம் கிழிகிற அளவுக்கு. எழுத இடமில்லை, சாட்சிக்கு விட்ட புள்ளிகள் மேலேயே ஆரம்பித்தேன். எழுத்து கோணலாகப் போனது, போகட்டும். அக்டோபர் மூன்றாம் தேதி, காலை ஷிப்ட், இடது பின்கதவு. “யோசிச்சு பண்ணுங்க,” என்றார் சுதர்சன் சார், இப்போது அவர் சிரிக்கவில்லை. “அந்தம்மா வேலையும் போயிடும், உங்க வேலையும் போயிடும். இதெல்லாம் ஜெர்மனிக்குப் போற பேப்பர். பேனாவக் குடுங்க.” கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.